கட்டிலுக்குக் காய்ச்சல் வராது

பர்மா வரைக்கும் வந்த ஜப்பான்காரன் அதற்கு மேல் ஏன் வரவில்லை என்று பட்டணத்துப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அவர்களுக்கு விஷயம் தெரியாது. திருத்தணி மலையடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில், காலை ஏழு மணிக்கு டியூட்டி மாறும்போது தபிதாள் நர்ஸ் போடுகிற சத்தம் கடலைத் தாண்டிக் கேட்டிருக்கிறது. இது ஏதோ புது பீரங்கி என்று நினைத்து அவன் அங்கேயே நின்றுவிட்டான். அதே சத்தத்துக்கு மணவூர் ஸ்டேஷனில் சிக்னல் கை தானாக இறங்கும். மலையில் முந்நூற்று அறுபத்தைந்து படியிலும் உட்கார்ந்திருக்கிற குரங்குகள் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும். உலகத்தில் இவ்வளவு பெரிய கோபம் இதற்கு முன் யாருக்கும் வந்ததில்லை, இனி வரப்போவதுமில்லை.

ஆனால் ஆளைப் பார்த்தால் சிரிப்பு வரும். கையை நீட்டினால் ஜன்னல் கம்பிக்கு நடுவே போய்விடும், அவ்வளவு ஒல்லி. வயது முப்பத்தாறு. ஊர் கனகம்மாசத்திரத்துக்குப் பக்கம். அப்பா ஏசுவடியான் ஊர்க் கோயிலில் மணி அடித்துவிட்டு மற்ற நேரம் பிறத்தியார் நிலத்தில் ஏர் ஓட்டினவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது முடித்ததும் நர்ஸ் படிப்புக்குப் போனாள் தபிதாள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்ட ஒரு பாதிரியாரம்மாளிடம், "ராத்திரி என்ன நடந்துச்சுன்னு காலையில ஒழுங்கா சொல்ற ஆம்பளை கிடைச்சா சொல்லுங்க" என்றாளாம்.

அவளுடைய கோபம் எல்லாம் அந்த ஒரு விஷயத்தில்தான். ராத்திரி பார்த்த நர்ஸ் பகல் பார்க்கப்போகிற நர்ஸிடம் நோயாளிகளை ஒப்படைக்க வேண்டும். சார்ஜ் கொடுப்பது என்று அதற்குப் பெயர். யாருக்குக் காய்ச்சல் எவ்வளவு, யாருக்கு மருந்து கொடுத்தாயிற்று, யாருக்கு இனிமேல்தான், யார் வாந்தி எடுத்தாள், யார் அழுதாள், எல்லாம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டது சொல்லாமல் விட்டதுதான். அது மறுபடி வாய்க்கு வராது.

படிப்புக் காலத்தில் அவளுக்கு ஒரு பெரிய நர்ஸ் முதன்முதலாக சார்ஜ் கொடுத்தாள். கடைசிக் கட்டிலைக் காட்டி, "குழந்தை பரவாயில்லை, தூங்குது" என்றாள். தூங்குகிற குழந்தையை எழுப்பக் கூடாது என்று தபிதாள் ஒரு மணி நேரம் எழுப்பவில்லை. பிறகு போர்வையை இழுத்துப் பார்த்தாள். அதைப் பற்றி அவள் அதற்கு மேல் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் இருக்கும் வார்டில் 'பரவாயில்லை' என்ற வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் தீர்ந்தது.

"பரவாயில்லைன்னா எவ்ளோ பரவாயில்லை? நூத்தி ஒண்ணா, நூத்தி மூணா? எந்தத் தெர்மாமீட்டர்ல பரவாயில்லைன்னு கோடு போட்டிருக்கு? கொண்டாந்து காட்டு, நானும் பாக்கிறேன்!"

இப்படிப்பட்டவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் சார்ஜ் கொடுக்க எவ்வளவு நேரம் தெரியுமா? நாற்பது அடி. அடி என்றால் காலடி. வார்டு வாசலிலிருந்து ஜெப அறை வாசல் வரைக்கும் நாற்பது காலடி. காலையும் மாலையும் ஏழு மணிக்கு ஜெபமணி அடிக்கும். டியூட்டி முடிந்தவள், டியூட்டிக்கு வந்தவள், இரண்டு பேரும் மணி நிற்பதற்குள் உள்ளே இருந்தாக வேண்டும். மேட்ரன் ஜெபரத்தினம் அம்மாள் வாசலில் நின்று, பிந்தி வருகிறவர்களின் பெயரை ஒரு நீல நோட்டில் எழுதுவார். ஆகவே இரண்டு நர்ஸ்களும் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டே, ஒருத்தி தொப்பியைக் கழற்றிக்கொண்டும் இன்னொருத்தி குத்திக்கொண்டும், இருபது உயிர்களைக் கை மாற்றுவார்கள். பெயருக்கெல்லாம் நேரம் ஏது? சுவரில் கட்டிலுக்கு மேலே கறுப்பு மையில் எழுதியிருக்கிற நம்பர்தான். "ஒண்ணு மலச்சிக்கல், ரெண்டு, நாளைக்கு வீட்டுக்கு, மூணு கட்டு மாத்தணும்." ஜெபம் கால் மணி நேரம். அதுவரைக்கும் வார்டை ஆயாக்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தபிதாள் மூன்று மாதமாக இதற்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கட்டில் கட்டிலாகப் போய், ஆளைத் தொட்டு, பேர் சொல்லி சார்ஜ் கொடுக்க வேண்டும். அதற்கு ஜெபத்தைக் கால் மணி தள்ளி வையுங்கள் என்று கேட்டாள்.

"ஜெபத்துக்கு நேரமில்லாதவளுக்கு நோயாளிக்கு எங்கேயிருந்து நேரம் வரும்?" என்றார் மேட்ரன்.

"கர்த்தர் கால் மணி காத்துகினு இருப்பாரும்மா. வாந்தி காத்துகினு இருக்காது."

நீல நோட்டில் அன்றைக்கு அவள் பெயர் இரண்டு முறை ஏறியது.

ஆடிக் கிருத்திகை வந்தது. அன்று ஊரில் கால் வைக்க இடமில்லை. ஆயாக்கள் அத்தனை பேரும் மலைக்குப் போக லீவு கேட்டார்கள். கொடுக்காவிட்டாலும் போவார்கள் என்று தெரிந்ததால் மேட்ரன் கொடுத்துவிட்டார். வார்டில் நர்ஸ் மட்டும்தான். அடுத்த நாள் வியாழக்கிழமை. வியாழன்தோறும் வெளியூரிலிருந்து ஆபரேஷன் டாக்டர் காலை ரயிலில் வருவார். இந்த வியாழனுக்கு ஒரே ஆபரேஷன், அஞ்சாம் நம்பர் எல்லம்மாள்.

எல்லம்மாள் ஆர்.கே.பேட்டையில் தறி நெய்கிற பங்காருவின் பெண்சாதி. வயிற்றில் கட்டி. இரண்டு வருஷமாக வயிறு ஏறிக்கொண்டே போக, தெருவில் எல்லாரும் பிள்ளை எப்போது என்று கேட்டுக் கேட்டு அவளை வெளியே தலை காட்ட விடாமல் செய்திருந்தார்கள். அவளுக்கு ஆபரேஷன் என்று தெரியும். என்றைக்கு என்று தெரியாது. சொல்லக் கூடாது என்பது அந்த ஆஸ்பத்திரி வழக்கம். முன்னாலேயே சொன்ன இரண்டு பெண்கள் சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டதிலிருந்து, ஸ்ட்ரெச்சர் வந்து நிற்கும்போதுதான் சொல்வார்கள்.

அடுத்த கட்டில், நாலாம் நம்பர், ஜன்னல் ஓரம். அதில் கிடந்தது பத்மா என்கிற பிசாசு. மணவூர் ரயில்வே கேங்மேன் மகள், வயது பதினைந்து, ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். டைபாய்டு வந்து மூன்றாவது வாரம். காய்ச்சல் விட்டுவிட்டது, விஷமம் விடவில்லை. தெர்மாமீட்டரைச் சூடான கஞ்சியில் வைத்து நூற்றெட்டு காட்டினாள். ஆயா தூங்கும்போது முந்தானையைக் கட்டில் காலில் முடிந்தாள். அவள் வாயிலிருந்து வருவதில் பாதிக்குப் பாதி பொய் என்று வார்டு முழுவதும் தெரியும்.

கிருத்திகை அன்று மாலை தபிதாள் பகல் டியூட்டி முடித்து சார்ஜ் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவள் பிரேமகுமாரி. இருபத்திரண்டு வயசுப் பெண். அண்ணன் கல்யாணத்துக்காகப் பதினைந்து நாள் லீவில் போய்விட்டு அன்றைக்குத்தான் திரும்பினாள். வார்டில் முக்கால்வாசி முகம் அவளுக்குப் புதுசு. இதெல்லாம் தபிதாளுக்குத் தெரியும். தெரிந்தும், மணி அடிக்க ஆரம்பித்ததும், அவளும் நடந்தாள். அவளும் நம்பரைத்தான் சொன்னாள்.

"நாலு டைபாய்டு. காலையில ஆறு மணிக்குத் தண்ணி கலந்த பால் ஒரு டம்ளர். அஞ்சு, நாளைக்கு ஆபரேஷன். ராத்திரியிலேர்ந்து வாயில ஒண்ணும் படக் கூடாது, தண்ணிகூட. ஆறு, கை வீக்கம்..."

குளோரோபார்ம் கொடுக்கும்போது வயிற்றில் ஏதாவது இருந்தால் அது மேலே வரும். மயங்கிக் கிடக்கிறவளுக்குத் துப்பத் தெரியாது. நெஞ்சில் இறங்கி மூச்சை அடைக்கும். டாக்டருக்குத் தெரியும், நர்ஸுகளுக்குத் தெரியும். எல்லம்மாளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

நர்ஸ்கள் இரண்டு பேரும் ஜெபத்தில் இருந்த அந்தக் கால் மணி நேரத்தில் வார்டில் ஒரு ஆயாகூட இல்லை. அப்போதுதான் பத்மா இடம் மாறினாள். ஜன்னலோரம் கொசு பிடுங்கித் தின்றது, அதனால் எல்லம்மாளை எழுப்பித் தன் கட்டிலுக்குத் தள்ளிவிட்டு, தான் அஞ்சாம் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். விடிவதற்குள் பழையபடி மாறிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தூங்கிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

வியாழக்கிழமை காலை. தபிதாள் வரும்போது பிரேமகுமாரி வார்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க ஒரே ஆளாகப் பிரசவ அறைக்கும் வார்டுக்கும் ஓடின முகம்.

"வாங்கக்கா, மணி அடிக்கப்போகுது. நடந்துகினே சொல்லிடறேன். எல்லாம் பரவாயில்லக்கா."

முடிந்தது.

"இன்னா சொன்னே?"

"ஐயோ, அக்கா, வாய் தவறி..."

"பரவாயில்லையா? இருபது பேரும் பரவாயில்லையா? அப்ப வீட்டுக்கு அனுப்பிடலாமே! எதுக்கு இந்தக் கட்டிடம்? நடந்துகினே சொல்றதுக்கு நான் இன்னா உன்கூட சந்தைக்கா வந்துகினு இருக்கேன்? திரும்புடி உள்ளே!"

முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வார்டுக்குள் போனாள். அந்தச் சமயம் ஜெபமணி அடித்தது. பிரேமகுமாரி மணிச்சத்தம் வந்த திசையைப் பார்த்தாள். "அது அடிக்கட்டும். அதுக்கு வேற வேலை இல்லை" என்றாள் தபிதாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, நோயாளியின் பாதத்தில் கையை வைத்து, பெயரைக் கேட்டாள். மூன்றாம் கட்டிலில் குனிந்திருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் சலசலவென்று சத்தம் கேட்டது. நாலாம் கட்டிலுக்கு வந்தபோது பத்மா கழுத்து வரை போர்த்திக்கொண்டு, கண்ணை இறுக்க மூடியபடி படுத்திருந்தாள். மூச்சு மட்டும் படி ஏறினவள்போல வாங்கியது. அஞ்சில் எல்லம்மாள் ஒருக்களித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு, டைபாய்டு" என்றாள் பிரேமகுமாரி, தன் டியூட்டி நோட்டைப் பார்த்து. "காய்ச்சல் இல்லை. ஆறு மணிக்குப் பால் குடுத்துட்டேன், முழுசா குடிச்சிட்டா. அஞ்சு ஆபரேஷன், ஒண்ணும் குடுக்கல."

நோட்டுப்படி எல்லாம் சரி. நடந்துகொண்டே கேட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் தபிதாளின் கை பத்மாவின் உள்ளங்காலில் இருந்தது. உள்ளங்கால் முழுக்க மண்.

"ஏண்டி, கீழே இறங்கினியா?"

"இல்லியே நர்ஸக்கா."

"அப்ப இந்த மண்ணு கட்டில்லயே முளைச்சுதா?"

"அது பழைய மண்ணு."

"நேத்து சாயங்காலம் நான்தானே துடைச்சேன்?" தபிதாள் குனிந்து அவள் உதட்டைப் பார்த்தாள். காய்ந்து வெடித்திருந்தது. "பால் குடிச்சியா?"

"ஆங், குடிச்சேன்."

"எப்படி இருந்தது?"

"நல்லா தித்திப்பா இருந்தது."

தபிதாள் நிமிர்ந்தாள். "இந்த ஆஸ்பத்திரிக்குச் சர்க்கரை வராம பன்னிரண்டு நாள் ஆச்சு. டாக்டருக்கே வெறும் டீ. உனக்கு மட்டும் தித்திப்பா குடுத்தது எந்த மகராசி?"

பத்மா கண்ணைத் திறந்தாள். கட்டிலை விட்டு இறங்கினதற்குத்தான் இந்தத் திட்டு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு டம்ளர் பாலில் ஒரு உயிர் இருக்கிறது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

தபிதாள் அஞ்சாம் கட்டிலுக்குப் போனாள். அவள் குரல் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு தணிந்து கேட்டதில்லை.

"எல்லம்மா, காலையில ஏதாச்சும் குடிச்சியாம்மா?"

"ஆங் நர்ஸம்மா. அதோ அந்தம்மா பால் குடுத்தாங்க. ஒரு டம்ளர்." எல்லம்மாள் சிரித்தாள். "நேத்தெல்லாம் விரதம் நர்ஸம்மா. கிருத்திகை இல்ல? உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல. கஞ்சியை வெளியில காக்காய்க்கு ஊத்திட்டோம். காலையில எழுந்ததும் பால் வந்துச்சு. என் நைனா முருகன்தான் அனுப்பினான்னு குடிச்சிட்டேன்."

பிரேமகுமாரி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாலாம் கட்டில்ல இருந்தாங்கக்கா... நாலுக்குத்தான் நான்..."

"நாலுக்குத்தான் குடுத்தே" என்றாள் தபிதாள். "நான் நாலுன்னுதானே சொன்னேன்? பேரை எங்க சொன்னேன்? எல்லம்மான்னு என் வாய் சொல்லிச்சா? பத்மான்னு சொல்லிச்சா? மணி அடிச்சதும் மாடு மாதிரி நானும் நடந்தேன். அழாதே. அழுதுகினு நிக்கறதுக்கு இப்ப நேரமில்லை. போய்த் தண்ணி குடிச்சிட்டு வா."

பிறகு அவள் எல்லம்மாளின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். நர்ஸ் நோயாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது என்பது சட்டம். உட்கார்ந்தாள்.

ஜெபம் முடிந்து மேட்ரன் வந்தார். பின்னாலேயே ஸ்ட்ரெச்சர் தூக்கிக்கொண்டு இரண்டு பேர்.

"தபிதாள், பிரேமகுமாரி. இரண்டு பேருமே ஜெபத்துக்கு வரவில்லை. ஏன்?"

"இவங்களுக்கு இன்னிக்கு ஆபரேஷன் கூடாதும்மா. பால் குடிச்சிருக்காங்க."

மேட்ரன் பிரேமகுமாரியின் நோட்டை வாங்கிப் புரட்டினார். "நாலாம் நம்பருக்குப் பால். அஞ்சாம் நம்பருக்கு ஒன்றுமில்லை. தெளிவாக எழுதியிருக்கிறது."

"ராத்திரி கட்டில் மாறிப் படுத்திருக்காங்கம்மா."

"யார் சொன்னது?"

"இவங்களே சொல்றாங்க. அந்தப் பொண்ணும் சொல்லும்."

மேட்ரன் பத்மாவைப் பார்த்தார். நூற்றெட்டு டிகிரி விவகாரம் அவருக்கு மறக்கவில்லை. "அவள் சொல்வதையா நம்பச் சொல்கிறாய்? இவளோ பயத்தில் என்ன வேண்டுமானாலும் சொல்வாள், இதற்கு முன் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம். டாக்டர் கை கழுவிக்கொண்டு நிற்கிறார். ஒரு டம்ளர் பாலுக்காக அவரைத் திருப்பி அனுப்பச் சொல்கிறாயா? நோட்டில் அஞ்சாம் நம்பர் வெறும் வயிறு. எழுந்திரு."

தபிதாள் எழுந்திருக்கவில்லை. ஜப்பான்காரனை நிறுத்தின சத்தம் அப்போதுதான் வந்தது.

"நோட்டுக்கா குளோரோபார்ம் குடுக்கப்போறீங்க? அப்ப நோட்டைத் தூக்கினு போய் மேஜைமேல படுக்க வைங்க! நாலு, அஞ்சு, நாலு, அஞ்சுன்னு சொல்றீங்களே, கட்டிலுக்கு எங்கியாச்சும் காய்ச்சல் வருமா? கட்டிலுக்கு வயித்துல கட்டி வருமா? இதோ படுத்துகினு இருக்கறது எல்லம்மா. ஆர்.கே.பேட்டை எல்லம்மா. இவ வயித்துல பால் இருக்கு. இதை நாலு பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்க வேணாம், இவ வாயைக் கேட்டா போதும். இத்தினி நாளா இவ தலைக்கு மேலேயே நாம பேசிகினு இருந்தோமே, இவகிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை பேசினோமா? நீங்க பேசினீங்களா? நான் பேசினேனா?"

"நீ யாரிடம் பேசுகிறாய் தெரிகிறதா?"

"தெரியுதும்மா. பேரை நோட்டுல எழுதிக்குங்க. தபிதாள். ஏசுவடியான் மக. நம்பர் கிம்பர் ஒண்ணும் வேணாம்."

எல்லம்மாள் இதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஆபரேஷன் இன்றைக்குத்தான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஸ்ட்ரெச்சரைப் பார்த்துக்கொண்டே இரண்டு கையாலும் தபிதாளின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்ட்ரெச்சர்காரர்கள் அதைக் கீழே வைப்பதா தூக்குவதா என்று தெரியாமல் நின்றார்கள்.

சத்தம் கேட்டு டாக்டரே வந்துவிட்டார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, கை இரண்டும் சொட்டச் சொட்ட. "என்ன இது, ஆஸ்பத்திரியா சந்தையா? ஏன் இன்னும் கொண்டு வரவில்லை?"

மேட்ரன் வாயைத் திறப்பதற்குள் பிரேமகுமாரி முன்னால் வந்தாள். "டாக்டர், இவங்களுக்கு ஆறு மணிக்கு நான் பால் குடுத்துட்டேன். ஒரு டம்ளர். என் கையாலதான் குடுத்தேன். இவங்க முகம் எனக்கு இப்ப நல்லா ஞாபகம் இருக்கு."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு இருபது. பிறகு எல்லம்மாளைப் பார்த்தார். மேட்ரன் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"அடுத்த வியாழன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டைக் கையை இறக்கிக்கொண்டு போனார்.

போகிறவர் வாசலில் நின்று ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருவரும் தபிதாளிடம் நீ செய்தது சரி என்று சொல்லவில்லை. வெளியூர் டாக்டரை வெறுங்கையோடு அனுப்பினதற்கும், மேட்ரனை எதிர்த்துப் பேசினதற்கும், ஜெபத்துக்கு வராததற்கும், நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்ததற்கும் சேர்த்து அவளுக்கு மூன்று மாதம் ராத்திரி டியூட்டி போட்டார்கள். நீல நோட்டில் ஒரு முழுப் பக்கம் அவளுக்கே. மத்தியானம் பங்காரு மலையிலிருந்து மொட்டைத் தலையும் சந்தனமுமாக இறங்கி வந்து, ஆபரேஷன் ஏன் நடக்கவில்லை என்று அவளிடம்தான் கத்தினான். அவள் அவனை உட்கார வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, அதற்குப் பிறகு தானும் அவனிடம் கத்தினாள்.

அடுத்த வியாழன் எல்லம்மாளின் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முதல் நாளே அவளிடம், நாளைக்குத்தான், ஏன் சாப்பிடக் கூடாது, மயக்க மருந்து எப்படி இருக்கும், எல்லாம் தபிதாள் சொல்லிவிட்டாள். சுவர் ஏறிக் குதிப்பாளோ என்று மேட்ரன் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். எல்லம்மாள் எங்கேயும் போகவில்லை. கட்டியைப் பனங்காய் அளவு என்றார்கள். எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை ஜெபமணி ஏழேகாலுக்கு அடித்தது. மறுநாளும் ஏழேகாலுக்குத்தான். கடிகாரம் இத்தனை நாள் வேகமாக ஓடியிருக்கிறது, இப்போதுதான் சரி செய்தோம் என்றார் மேட்ரன். அதைக் கேட்டு தபிதாளுக்கு இன்னும் கோபம் வந்தது. "தப்புன்னு சொல்றதுக்கு வாய் வலிக்குதா? கடிகாரத்துமேல பழி போடறாங்க பாரு, பாவம் அதுக்கு வாயே இல்லை!" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். ஆனால் அந்தக் கால் மணியில் ஒரு நிமிஷத்தை அவள் வீணாக்கவில்லை. கட்டில் கட்டிலாகப் போனாள். பாதத்தில் கை வைத்தாள். பேரைச் சொன்னாள், பேருக்குரியவளிடமும் கேட்டாள். கை படுவதற்கு முன்னாலேயே நோயாளிகள் போர்வைக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

இதையெல்லாம் பழைய காய்ச்சல் சார்ட்டுகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினது பத்மாதான். எழுதி முடித்த அன்று, மறுநாள் அவளை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. தாள்களைத் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். சாயங்காலம் ஆறே முக்காலுக்கு தபிதாள் டியூட்டிக்கு வந்ததும், பத்மாவின் பாதத்தில் ஒரு கையை வைத்து, இன்னொரு கையால் தலையணையைத் தூக்கினாள். நின்றுகொண்டே படித்தாள். முதல் தாளில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது.

"எனக்கு முப்பத்தாறுன்னு எவடி சொன்னது? முப்பத்தி நாலு." அடுத்த தாள். அதற்கடுத்தது. அதில் பாதியில் நின்றுவிட்டாள். "இது இன்னா, கொசு?"

"கொசுதான் நர்ஸக்கா. பயங்கரமா கடிச்சுது."

"வார்டுலயே அந்த ஒரு ஜன்னலுக்குத்தான் கம்பி வலை இருக்கு. நான் நின்னு அடிக்க வெச்சேன்."

பத்மா கூரையைப் பார்த்தாள்.

"எல்லம்மா ஊருக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாம் சொல்லிட்டாடி. மலையில விளக்கு ஏத்தறதை ஒரு தரம் பாத்தா போதும், அப்புறம் செத்தாலும் சரின்னு அவ அழுதுகினு இருந்தா. நீ அவளைத் தாங்கிக் கூட்டினு போய் உன் கட்டில்ல படுக்க வெச்சே. காவடி போற சத்தம் கேக்கற வரைக்கும் அவ தலையைத் தூக்கிப் பிடிச்சுகினு நின்னே, காய்ச்சல் விட்டு நாலு நாள்கூட ஆகாத உடம்போட. இதுல எங்கடி கொசு வந்தது?"

"எழுதினா எல்லாரும் சிரிப்பாங்க நர்ஸக்கா."

"சிரிக்கட்டும். நடந்ததுல பாதியை விட்டுட்டு சார்ஜ் குடுக்கறே நீ. எழுது, என் கண் முன்னாடி. ஒரு வார்த்தை விடக் கூடாது."

"பென்சில் முனை உடைஞ்சு போச்சே."

தபிதாள் போர்வையை விலக்கி, பத்மா தொடைக்கடியில் ஒளித்து வைத்திருந்த பென்சிலை எடுத்து, கூராக இருந்த முனையை விளக்கு வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, அவள் கையில் வைத்தாள்.